ஏழாம் நாள் புல்

வந்திருச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் கோல்ஃப் மைதானத்தின் பின்வாசலில் திரும்பும்போதே முன் சீட்டில் இருந்த ஒருவன் எழுந்து, ஜன்னல் வழியே கையை நீட்டி, வந்திருச்சு, அங்க பாரு என்றான். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். சவரிமுத்துவும் சாய்ந்தார். "ஆமா, வந்திருச்சுல்ல" என்றார், சொன்ன பிறகு கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று பக்கத்து ஆளின் தோளைக் கவனித்தார். அவருக்குத் தெரிந்தது நனைந்த சாக்கை விரித்துப் போட்ட மாதிரி ஒரு பழுப்பு. அதற்கு மேல் வெளிச்சம். அதற்கும் மேல் தூரத்து நகரத்தின் கட்டடங்கள், அவையும் நேராக நிற்காமல் நடுவில் வளைந்து, யாரோ கட்டை விரலால் அழுத்திவிட்டுப் போனது போல. பஸ் நின்று, ஆட்கள் இறங்கி, வண்டிகள் பிரிந்து, இப்போது பத்தாம் குழியின் நடுவில் தனியாக நின்றுகொண்டு அதே பழுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோல்ஃபில் பந்து போய் விழுகிற ஓட்டைதான் குழி, ஆனால் இங்கே வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஓட்டைக்கு முன்னால் கிடக்கிற நானூறு கஜப் புல்வெளி முழுவதும் சேர்ந்து ஒரு குழி. பத்திலிருந்து பதினெட்டு வரை ஒன்பது குழிகளுக்குச் சவரிமுத்து தண்ணீர்க்காரர். பத்தொன்பது வருஷமாக. ஒன்பது மணிக்கு மைதானத்தின் மேலாளர், பெரிய சார், வருவார். அதற்குள் ஒன்பது குழியையும் நடந்து, முளைக்காத இடத்திலெல்லாம் ஒரு சின்ன நீலக் கொடியைக் குத்தி வைக்க வேண்டும். கொடிக்கட்டு இடது கையில் இருந்தது. ஐம்பது கொடி. முளைத்ததே தெரியாதவர் முளைக்காததை எங்கே போய்த் தேடுவது.

வருஷா வருஷம் நடக்கிறதுதான். இந்தப் பாலைவன நாட்டுக் கோடையில் ஐம்பது டிகிரி வெயிலைத் தாங்கி நின்ற புல், குளிர்காலம் வந்தால் தன்னால் தூங்கிப் போய் வைக்கோல் நிறமாகிவிடும், ஆனால் குளிர்காலத்தில்தான் ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் விளையாட வருகிறார்கள், அவர்களுக்குப் பச்சை வேண்டும். அதனால் செப்டம்பர் கடைசியில் கோடைப் புல்லை மொட்டையடித்துவிட்டு அதன் தலைமேல் குளிர்நாட்டுப் புல் விதையைக் கொட்டுவார்கள். கொட்டிய நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஏழு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு நிமிஷம், மண் காயவும் கூடாது, குளமாகவும் கூடாது. ஐந்தாம் நாள் இல்லாவிட்டால் ஏழாம் நாள் முளைத்துவிடும். முதல் ஒன்பது குழிகளை மூன்று வாரம் முன்பே விதைத்துத் திறந்தாகிவிட்டது, அந்தப் பக்கம் இப்போதே ஆட்டம் நடக்கிறது, மட்டை பந்தில் படுகிற 'டக்' சத்தம் காற்றோடு வருகிறது. இது ஏழாம் நாள். முன்பெல்லாம் இந்த நாள் அவருக்குப் பிடிக்கும். சூரியனுக்கு எதிரே உட்கார்ந்து, தலையைத் தரையோடு தாழ்த்தி, பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் தெரியும், நிமிர்ந்தால் மறைந்துவிடும், தரைக்கு மேல் அரை அங்குலத்தில் ஒரு பச்சை ஆவி. எத்தனை வருஷம் அதை முதலில் பார்த்தது அவர்தான். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுச் சொன்னதும் அவர்தான். இப்போதும் குனிந்தார், தலையைச் சாய்த்தார். வலது கண்ணில் தேநீர் வடிகட்டியை வைத்து மூடியது போலக் கறுப்புப் புள்ளிகளும் நூல்களும் மிதந்து, தலை நின்ற பிறகும் அவை நிற்காமல் மெதுவாகக் கீழே இறங்கின. இடது கண்ணில் நடு இல்லை. ஓரம் இருக்கிறது, நடு இல்லை. எதைப் பார்க்கிறோமோ அது இருக்காது, எதைப் பார்க்கவில்லையோ அது இருக்கும். அதனால் கோழி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகியிருந்தார். "என்னாண்ணே, கோழி மாரி சாஞ்சு சாஞ்சு பாக்குறீங்க" என்று கூட வேலை செய்கிற பக்கிரிசாமி ஒரு நாள் கேட்டான். கழுத்து பிடிச்சிருச்சுய்யா என்றார். பிறகு ஒரு வாரம் கழுத்தில் தைலம் தடவிக்கொண்டு வந்தார், வாசனைக்காக.

கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தார், உள்ளங்கை தடித்துப் போயிருந்தது, ஈரம் மட்டும்தான் தெரிந்தது. கையைத் திருப்பிப் புறங்கையை வைத்து, மெதுவாக, மாவு கோலத்தை அழித்துவிடாமல் தொடுகிறவரைப் போல நகர்த்தினார். இருந்தது. முள் இல்லை, நார் இல்லை, முடி. குழந்தை முடி. வந்திருச்சு. சீ, புல்லுக்கா அழுவது. பத்தாம் குழியில் இருபது இடத்தில் குனிந்து தொட்டார், பதினொன்றில் பதினைந்து இடம், நீரிழிவு அவர் பாதங்களில் பாதியை ஏற்கெனவே மரக்கச் செய்திருந்தது, அடுத்தது விரல்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அடுத்தது விரல்கள், அப்போது எதை வைத்துப் பார்ப்பது, கன்னத்தை வைத்தா. மதுரையில் அந்த மருத்துவர் சின்னப் பெண், மகள் ஸ்டெல்லா வயசுதான் இருக்கும், கண்ணுக்குள் சொட்டு விட்டு, இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார வைத்து, பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு, "அய்யா, நீங்க ரொம்ப லேட்" என்றார். மாதாமாதம் வரணும், ஊசி போடணும், லேசர் வைக்கணும், ஒரு வருஷம் இங்கேயே இருங்க. இவர் ஆகட்டும்மா என்றார். பன்னிரண்டாம் நாள் விமானம் ஏறிவிட்டார். ரெண்டு வருஷம் ஆச்சு. அன்றைக்கு இருந்திருந்தால். அன்றைக்கு இருந்திருந்தால் என்ன, இந்த வேலை போயிருக்கும், கண் இருந்திருக்கும். கண் இருந்து வேலை இல்லாமல், வேலை இருந்து கண் இல்லாமல், இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், பதினோராம் குழியின் முடிவு வரை அதுதான் ஓடியது, இரண்டில் எதை முன்னால் வைத்தாலும் மற்றது வந்து ஒட்டிக்கொண்டது.

ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி. இது எப்போது ஆரம்பித்தது என்று தெரியாமலே வாய் சொல்லிக்கொண்டிருந்தது. போன வருஷம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் வரிசையில் இவருக்கு முன்னால் பக்கிரிசாமி நின்றான். அவன் உள்ளே போய்ச் சுவரில் இருந்த எழுத்துகளைச் சத்தமாகப் படித்தான், திரைக்கு வெளியே நின்ற இவர் அதைச் செபமாலை மாதிரி பிடித்துக்கொண்டார். உள்ளே போனதும் நர்ஸ் குச்சியை எங்கே வைத்தாள் என்றுகூடத் தெரியாமல் மேலிருந்து கீழே சொல்லி முடித்தார். அவள் சிரித்தாள், நான் இன்னும் கேட்கவே இல்லையே என்று இங்கிலீஷில் சொன்னாள், ஆனால் டிக் போட்டுவிட்டாள். ஒரு வருஷமாக அந்த எழுத்துகள் போகவில்லை. குளிக்கும்போது ஈ. சோறு பிசையும்போது எஃப், பி. பூசையில் முழங்காலில் நிற்கும்போது பரலோக மந்திரத்தின் நடுவில் டி, ஓ, இசட். இந்த வருஷப் பரிசோதனை நவம்பரில். அதே அட்டையை வைப்பார்களா. மாற்றிவிட்டால். பக்கிரி முன்னால் நிற்காவிட்டால். நவம்பருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, மூன்று வாரத்தில் இடது கண்ணின் ஓரமும் போய்விட்டால் திரை எங்கே இருக்கிறது என்றே தெரியாதே.

பன்னிரண்டில் ஒரு கொடி குத்தினார். பதின்மூன்றில் குத்த ஒன்றுமில்லை. இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாது, வெயில் கழுத்தில் ஏறிவிட்டது, ஏழே முக்கால் இருக்கும். தரையிலிருந்து அந்த வாடை எழும்பியது, நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து அனுப்புகிற தண்ணீர், குடிக்கக் கூடாது என்று குழாய்க்குக் குழாய் எழுதி வைத்திருப்பார்கள், எழுதி வைத்திருப்பார்கள் என்று இப்போது நினைவிலிருந்துதான் சொல்ல முடிகிறது. ஸ்டெல்லா வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்வாள். பிள்ளையை முகத்துக்கு நேரே பிடித்து, "அப்பா, பாத்தீகளா, சிரிக்கிறா, உங்களப் பாத்துத்தான் சிரிக்கிறா" என்பாள். நாலு மாசக் குழந்தை. போனுக்குள் ஒரு மாநிற வட்டம், அதன் நடுவில் ஓட்டை. கண்ணு யார் மாதிரிப்பா? ஒன்ன மாதிரித்தான்ம்மா. போன வாரம் அம்மா மாதிரின்னு சொன்னீக? அம்மா மாதிரித்தான், ஒன்ன மாதிரியும் இருக்கு. பின்னால் அவர் மனைவி அருளாயி எதுவும் பேசாமல் இருந்தாள். அவளுடைய பேசாமை போன் வழியாக வந்து காதுக்குள் உட்கார்ந்தது. இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு, அதில் கூட இருந்தது எட்டு வருஷம்தான் என்றாலும், தெரியாதா. தெரிந்தால் கேட்க மாட்டாளா. கேட்டால் என்ன சொல்வது. ஊருக்குப் போய் என்ன செய்வது என்பதுதான் அவருக்கு விடியாத இடம். அவருடைய அப்பாவுக்கும் இதே சர்க்கரைதான், கடைசி ஐந்து வருஷம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலடிச் சத்தம் கேட்டால் யாரது என்பார். பதில் வந்தாலும் யாரது. ஆடு போனாலும் யாரது. சின்னவர்கள் வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவார்கள், யாரது, யாரது. சவரிமுத்து லீவில் போயிருந்தபோது ஒரு தடவை அவர்கூடப் பதில் சொல்லாமல் கடந்து போனார், அப்பா முகம் அவர் போன திசையிலேயே நெடுநேரம் திரும்பியிருந்ததை உள்ளேயிருந்து பார்த்தார். ஏன் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான்தான்ப்பா என்று ஐந்து எழுத்து, ஆறு எழுத்து, அதைச் சொல்ல என்ன கேடு.

பதினாலாம் குழியில் நாற்பது அடி நடந்திருப்பார், பூட்ஸ் புதைந்தது. புதையக் கூடாது. குனிந்து தொட்டார், களி, களியில் விதைகள் ஊறிப் புளித்துக் கஞ்சி வாடை. இரண்டு அடி தள்ளித் தொட்டார், அதுவும் களி. மண்டியிட்டார். களியைத் தாண்டி ஸ்பிரிங்க்ளரின் பிளாஸ்டிக் தலை கையில் தட்டியது, தண்ணீர் திறந்தால் தரைக்குள்ளிருந்து எழும்பி நின்று வட்டமாகச் சுற்றி அடிக்கிற தலை. அதற்கு அந்தப் பக்கம் கையை வைத்தார். காய்ந்திருந்தது. விதைகள் விதைகளாகவே இருந்தன, ஏழு நாள் முன்பு கொட்டியது போல, உமியோடு, விரலுக்கு நடுவில் நெறித்தால் நொறுங்கியது. முழங்காலில் நகர்ந்தார். புறங்கை, புறங்கை, புறங்கை. ஒன்றுமில்லை. கொடியை வைக்க மறந்து கையிலேயே பிடித்தபடி நகர்ந்தார். முடி இல்லை. எங்கேயாவது தொடங்கிவிடும் என்று நினைத்தார், இதோ இந்த முழங்காலுக்கு அப்புறம், இதற்கு அப்புறம், சுருண்டு சுற்றி வந்து மறுபடி அதே பிளாஸ்டிக் தலையில் தட்டினார். ஒரு வீடு கட்டுகிற அகலம். ஸ்பிரிங்க்ளர் சுற்றவில்லை. எழும்பியிருக்கிறது, சுற்றாமல் ஏழு நாளும் ஒரே பக்கம் அடித்திருக்கிறது, ஒரு பக்கம் அழுகிவிட்டது, மூன்று பக்கம் காய்ந்துவிட்டது. நாலாம் நாள் காலை. பக்கிரி வால்வு அறையில் இருந்து வயர்லெஸ்ஸில் கேட்டான், அண்ணே, பதினாலு சுத்துதா? இவர் இதே இடத்தில், இதே பூட்ஸில் நின்று, தண்ணீரின் சர்ர் என்ற சத்தம் கேட்டது, சுத்துது என்றார். சுற்றினால் சத்தம் வேறு மாதிரி இருக்கும், தூரத்தில் போய்க் கிட்டத்தில் வரும், அது இவருக்குத் தெரியாததா, தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வாரே, ஆனால் அந்த நேரம் அவர் தண்ணீரைக் கேட்கவில்லை, தன் குரல் சந்தேகமில்லாமல் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். சுத்துது. நல்லாக் கேட்டுச் சொல்லியிருக்கலாம். இருய்யா, கையை வச்சுப் பாக்குறேன் என்று சொல்லியிருக்கலாம். கையை வச்சுப் பாக்குறேன்னு எந்தத் தண்ணீர்க்காரன் சொல்வான்.

"எக்ஸ்க்யூஸ் மீ" என்றது ஒரு பெண் குரல், மிகவும் பக்கத்தில். முழங்காலிலிருந்து எழுந்த வேகத்தில் கொடிகள் சிதறின. ஒன்பதாம் குழியிலிருந்து வேலி தாண்டிப் பந்து இந்தப் பக்கம் வந்துவிட்டதாம், பார்த்தீர்களா என்று கேட்டாள். வெள்ளைத் தொப்பி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். பந்து விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது, இடது பக்கம், மெத்தென்று. அந்தப் பக்கம் கையை நீட்டினார். அவள் நன்றி சொல்லிவிட்டு நடந்தாள், அந்த நடையின் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, அவள் பாதையில் போகவில்லை, முளைத்திருந்த பக்கமாகப் போகிறாள், ஆணி வைத்த ஷூ, ஒவ்வொரு அடிக்கும் சின்னச் சின்னதாகப் பிடுங்குகிற சத்தம். "மேடம், நோ, மேடம்" என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு கேட்டது. திரும்பி, "ஓ, சாரி, சாரி, இது எவ்வளவு அழகாக இருக்கிறது இல்லையா" என்று சொன்னாள், சொல்லிவிட்டு அதன் மேலேயே திரும்பி நடந்து வந்து, வேலியைத் தாண்டிப் போனாள். எவ்வளவு அழகாக இருக்கிறது. அவர் குனிந்து கொடிகளைப் பொறுக்கினார். ஐம்பதில் எத்தனை கிடைத்தது என்று தெரியவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டபோது பக்கிரிசாமிதான் என்று தெரிந்தது, அவன் வண்டிக்கு ஒரு சக்கரம் கீச்சிடும். மன்னார்குடிப் பக்கத்துக்காரன், போன ஆகஸ்ட்டில் முதல் ஒன்பது குழிகளிலிருந்து இவர் பக்கம் மாற்றிவிட்டார்கள், தனியா அலையுறீங்களே, அதான் நான் கேட்டு வாங்கிட்டு வந்தேண்ணே என்று சொல்லியிருந்தான். இறங்கி வந்து நின்றான். பெருமூச்சு விட்டான். "பாத்துட்டீங்களா" என்றான். பாத்துட்டேன்ய்யா என்றார் சவரிமுத்து. பக்கிரி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இங்க விதை போட்டது ஷஃபிகுல்தான். வெதயே சரியா விழலன்னு சொல்லிடுவோம். மிஷின் அடச்சிக்கும்ல, நடக்குறதுதானே." ஷஃபிகுல் வங்காளதேசத்து ஆள், விதை மிஷினைத் தள்ளிக்கொண்டு போகிறவன், அதிகம் பேச மாட்டான், போன வருஷம் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தான், இன்னொன்று வாங்கினால் ஊருக்குத்தான். சவரிமுத்து காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, வைத்தேன் என்றுகூடச் சொல்லாமல் போனவன். இதெல்லாம் ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. விதை கீழே கிடக்கிறது, கையில் நெறிகிறது, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள். பெரிய சார் குனிய மாட்டார். சூப்பர்வைசர் தங்கச்சன் சார் குனிவாரா. கால் வைத்து அமுக்கிவிட்டால், மேலே கொஞ்சம் மணல் தூவிவிட்டால். அப்படி நினைத்ததும் பூட்ஸ் தானாக ஒரு முறை தரையைத் தேய்த்தது, அவர் நிறுத்தினார், மறுபடி தேய்த்தது. "சொல்லவாண்ணே?" என்றான் பக்கிரி. ஈ. எஃப், பி. ஷஃபிகுலுக்கு எத்தனை பிள்ளைகள் என்று இதுவரை கேட்டதில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது.

எட்டரைக்குத் தங்கச்சன் சார் வந்தார். பாலா ஊர் மலையாளி, இவரைவிடப் பத்து வயசு சின்னவர் என்றாலும் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் அண்ணா என்று கூப்பிடாமல் இருந்ததில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே, "எத்தனை கொடி அண்ணா?" என்று கேட்டார். பன்னண்டுல ஒண்ணு சார் என்றார் சவரிமுத்து. "பிறகு?" பிறகு இது. இது என்று கையை விரித்துக் காட்டினார், எவ்வளவு விரிப்பது என்று தெரியாமல் இன்னும் விரித்தார். பக்கிரிசாமி தொண்டையைச் செருமினான். இப்போது சொல்லிவிடுவான். சொன்னால் சரி, நான் சொல்லவில்லை, அவன்தான் சொன்னான், நான் சும்மா நின்றேன். தங்கச்சன் சார் கேட்டார், "இதில் விதை போட்டது ஷஃபிகுல் அல்லே?" ஒரு ஆம் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். தலை அசைந்தது, எந்தப் பக்கம் என்று அவருக்கே புரியவில்லை, அதற்குள் வாய், "சார், அவன் இல்ல சார்" என்றது. "வெத விழுந்துருக்கு. தண்ணிதான் விழல. ஸ்பிரிங்க்ளர் சுத்தல. நாலாம் நாள் பக்கிரி கேட்டான், நான் பாக்காமச் சுத்துதுன்னு சொல்லிட்டேன்." நிறுத்தினார். இதோடு நிறுத்தியிருக்கலாம். கவனக்குறைவு, ஒரு கடிதம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஏதோ சரிந்துவிட்டது, சரிந்தது நிற்கவில்லை. "பாக்காம இல்ல சார். பாத்தேன். தெரியல. எனக்குக் கண்ணு தெரியல சார். ரெண்டு வருசமாச்சு. இந்தப் புல்லு முளைச்சிருக்கே, இதுவும் எனக்குத் தெரியல. தொட்டுத்தான் பாத்தேன்." சொல்லி முடித்தார். ஏதாவது நடக்க வேண்டும் என்று காத்திருந்தார். வானம் இடிய வேண்டாம், யாராவது ஒரு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தமாவது.

தங்கச்சன் சார் வண்டியிலிருந்து இறங்கி வந்து அவர் தோளில் கை வைத்தார். "அறியாம் அண்ணா" என்றார் மெதுவாக. எனக்குத் தெரியும். "போன வருஷமே தெரியும். நர்ஸ் எனக்கு அன்னைக்கே போன் பண்ணி. ஆளில்லாத நேரம் அல்லே, அடுத்த விதைப்பும் கழியட்டும் என்று பெரிய சாரிடம் நான்தான் சொல்லி வச்சது. அதுக்குத்தானே பக்கிரியை இங்கோட்டு மாத்தினது." சவரிமுத்து பக்கிரி இருந்த பக்கம் திரும்பினார், அங்கே ஓட்டைதான் இருந்தது. "இதுவும் நேத்தே பார்த்தாச்சு அண்ணா" என்றார் தங்கச்சன் சார். "பெரிய சாரும் நானும் கிளப் மாடியில் நின்னு பார்த்தோம். பச்சைக்கு நடுவில் இது மட்டும் அப்படியே தெரியுது. புது விதை சொல்லியாச்சு, பத்து மணிக்கு வரும். ஷஃபிகுலை யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை, நான் சும்மா கேட்டது." மாடியில் நின்று. நேற்றே. முழங்காலில் நகர்ந்து, புறங்கையால் தடவி, அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்த அந்த இடம், மாடியில் காபி குடித்துக்கொண்டு நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் சாய்ந்து பார்த்த நாற்பது பேருக்கும் தெரிந்திருக்கும். கழுத்தில் தடவிய தைலம் அவர்களுக்கெல்லாம் மணத்திருக்கும். அவர் தலையைச் சாய்க்கும்போதெல்லாம் அவர்கள் பேசாமல் வேறு பக்கம் பார்த்திருப்பார்கள், ஒரு வருஷமாக, அவ்வளவு பேரும், பிரியத்தோடு. "நவம்பர் ரெண்டாம் தேதி கோர்ஸ் முழுக்கத் திறக்கும். மூணாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கு. நான் கூட வந்து ஏர்போர்ட்டில் ஏத்தி விடும், வீல்சேர் எல்லாம் சொல்லியாச்சு." வீல்சேர் எதுக்கு சார், கால் நல்லா இருக்கே என்றார் சவரிமுத்து.

ஒன்பது மணிக்குப் பெரிய சார் வண்டியில் பாதை வழியாகப் போனார், நிற்கவில்லை, "குட் மார்னிங், சவரி" என்ற குரல் மட்டும் வந்து கடந்தது, இவர் குரல் வந்த பக்கம் சல்யூட் வைத்தபோது வண்டி வேறு பக்கம் போய்விட்டிருந்தது. பத்து மணிக்கு விதை வந்தது. ஷஃபிகுல் மிஷினைத் தள்ளிக்கொண்டு அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான், தன் பெயர் இந்தக் காலையில் யார் வாயில் இருந்தது என்று தெரியாமல். ஸ்பிரிங்க்ளருக்குப் புதுத் தலை மாட்டியது பக்கிரிசாமி. மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். "ஏன்யா சொல்லல" என்றார் சவரிமுத்து, கோபமில்லாமல்தான் கேட்டார். "எப்படிண்ணே சொல்றது" என்றான் அவன். கொஞ்சம் கழித்து, "போன வருஷம் டெஸ்ட்டுல நான் மெதுவா, சத்தமாத்தாண்ணே படிச்சேன்" என்றான். அப்போ அன்றைக்கே. சரி. அவர் அதைப் பிடித்துக்கொண்டு எங்காவது போகப் பார்த்தார், அது எங்கேயும் போகவில்லை. வீட்டில் சொல்ல வேண்டும். மூணாம் தேதி வர்றேன். லீவா என்று அருளாயி கேட்பாள். ஆமா என்று சொல்லலாம், கொஞ்ச நாள் லீவென்றே ஓட்டலாம். இல்லை, அவள் கேட்கவே மாட்டாள். கேட்காமல், வரும்போது என்ன சமைக்க என்று மட்டும் கேட்பாள், அதுதான் எல்லாவற்றையும் விட.

தங்கச்சன் சார் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். திறப்பு நாள் வரை அண்ணா பதினாலிலேயே நிற்கட்டும், புது விதையை மைனாவும் புறாவும் கொத்தாமல் விரட்டினால் போதும், வேறு ஒன்றும் பார்க்க வேண்டாம் என்றார். பார்க்க வேண்டாம் என்று சொன்னதை உடனே திருத்தி, செய்ய வேண்டாம் என்றார். சரி சார் என்றார் சவரிமுத்து. தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு அந்த இடத்தின் நடுவில் போய் நின்றார். தலைக்கு நேரே வெயில். சிறகுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார், ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, அது அடங்கும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை. அடங்கியதும் கைகள் இரண்டையும் தூக்கி, ஹோ என்றார். ஒன்றும் எழும்பவில்லை. திரும்பி நின்று இன்னொரு பக்கம் பார்த்து, ஹோ, ஹோ என்று கையை வீசினார். வண்டிப் பாதையிலிருந்து பக்கிரிசாமி கத்தினான், "அண்ணே, அங்க ஒண்ணும் இல்லண்ணே! ஒங்க முதுகுக்குப் பின்னாடி!" அவர் திரும்பினார். "இன்னும் கொஞ்சம்ணே. இன்னும். ஆங், அங்கதான், நெறய இருக்கு, அடிங்க." சவரிமுத்து பழுப்பை நோக்கிக் கையை வீசினார். பறந்துவிட்டதா என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை, வீசிக்கொண்டே இருந்தார்.